எதை என்பது பத்தாவது பாடம்

தம்பி: தொட்டியா, தொடலயா? அத மட்டும் சொல்லு.

அக்கா: எத?

தம்பி: தெரியாத மாதிரி கேக்காத. என் வெப்சைட்ட.

அக்கா: மெதுவா பேசு. அப்பா குளிச்சிட்டிருக்கார்.

தம்பி: குளிச்சு முடிச்சு வெளிய வந்ததும் மொத வார்த்தை என்ன கேப்பார்? 'அந்தப் பக்கத்தத் தொறந்து வச்சியா, மேனேஜர்கிட்ட காட்டணும்'பார். தொறந்து வச்சிருக்கேன். வந்து பாரு.

அக்கா: ஒண்ணுமே இல்லயே.

தம்பி: ஒண்ணுமே இல்லன்னு எப்படிச் சொல்ற? மேல 'மொத்தம்: பூஜ்யம்'னு அழகா வருது பாரு. கூட்டல் சரியா வேலை செய்யுது.

அக்கா: நெட்டு சரியில்லாம இருக்கும். அந்த டப்பாவ ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.

தம்பி: நெட்டு போனா பக்கமே வராது. பக்கம் வந்திருக்கு. உள்ள இருந்ததுதான் போயிருக்கு.

அக்கா: உன் லேப்டாப்லதான இருந்துச்சு? நல்லாத் தேடு. எந்தப் பொருளத்தான் நீ வச்ச இடத்துல வச்சிருக்க?

தம்பி: லேப்டாப்ல இல்ல. இதுல தெரியறது வெறும் ஜன்னல். பஸ்ல விட்டுட்டுப் போன சாமான் விவரம் எல்லாம் சர்வர்ல இருக்கு. இருந்துச்சு.

அக்கா: சர்வர்னா?

தம்பி: ...நீ தெனமும் சாயங்காலம் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போறல்ல?

அக்கா: போறேன்.

தம்பி: எத்தனை மாசமா?

அக்கா: இன்னும் அந்தப் பாடம் வரல.

தம்பி: வேற என்னதான் வந்துச்சு?

அக்கா: ...மவுஸ்.

தம்பி: மாசக்கணக்கா மவுஸ்.

அக்கா: நிதானமா நடத்துவாங்கடா. எல்லாரும் உன்ன மாதிரி வீடியோ பாத்துட்டு மறுநாளே இன்ஜினியர் ஆயிடறதில்ல.

தம்பி: கண்ணு ஏன் நீலமா இருக்கு?

அக்கா: கதவுல இடிச்சிக்கிட்டேன்.

தம்பி: போன வாரம் உதடு.

அக்கா: அதே கதவு.

தம்பி: மவுஸ் கத்துக்கறதுக்குள்ள அந்தக் கதவு உன்ன முடிச்சிடும் போல.

அக்கா: பேச்ச மாத்தினது நீ. சர்வர்னா என்னன்னு சொல்லிட்டுக் கத்து.

தம்பி: ஒரு தடவைதான் சொல்லுவேன். உன் போன்ல தெரியுதே, அது வெறும் பக்கம். அதுல 'கறுப்புக் குடை ஒண்ணு'ன்னு எழுதி 'சேர்'னு அமுக்கினா, அந்த வார்த்தை உன் போன்ல நிக்காது. எங்கயோ ஒரு மெஷின் ராத்திரி பகலா ஓடிட்டிருக்கு. அதுல என் புரோகிராம் காத்துட்டு உக்காந்திருக்கும். வந்தத வாங்கி ஒரு பட்டியல்ல எழுதி வச்சுக்கும். அப்புறம் பஸ் டிப்போல அப்பா தொறந்தாலும் சரி, குடையத் தொலைச்சவன் அவன் வீட்லேருந்து தொறந்தாலும் சரி, அதே பட்டியல எடுத்து நீட்டும்.

அக்கா: எல்லாருக்கும் ஒரே பட்டியல்.

தம்பி: ஒரே பட்டியல்.

அக்கா: அப்ப நான் என் போன்ல ஒண்ண எடுத்தா... என் போன்ல மட்டும்தான மறையும்?

தம்பி: ஏன் கேக்கற?

அக்கா: சும்மா கேட்டேன். படிக்கிற ஆர்வம்.

தம்பி: எத எடுத்த?

அக்கா: எடுத்தேன்னு நான் எங்க சொன்னேன்?

தம்பி: அக்கா, சத்தியமா எனக்கு உன்மேல வர்ற கோவத்துல... அப்பா இன்னும் கொஞ்ச நேரத்துல அந்த மேனேஜர் முன்னாடி போய் நிக்கணும். தெரியும்ல?

அக்கா: எனக்குத் தெரியாதா? நேத்து ராத்திரி அவர் சாப்பிடாம எழுந்து போனப்ப தட்ட எடுத்தது நான். நீ ரூம்ல கதவச் சாத்திட்டு இருந்த.

தம்பி: அப்புறம் ஏன் தொட்ட? அந்தாளு திடீர்னு வந்து பட்டியலயும் அலமாரியயும் வச்சு ஒத்துப் பாத்திருக்கான். பட்டியல்ல இருக்கற சாமான்ல கொஞ்சம் அலமாரில இல்ல. பஸ்ல ஜனங்க விட்டுட்டுப் போற சாமானப் பாத்துக்கறவர், அவரே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டார்னு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கான். அப்பா ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கார். 'இந்தச் சாமான நான் ஏத்தவே இல்ல. நாளைக்குப் பட்டியலக் கொண்டு வரேன், எது எப்ப ஏத்தினதுன்னு பாத்துக்குங்க.' இப்ப என்னத்தக் கொண்டு போவார்? பூஜ்யத்தயா? திருடிட்டு, திருடினதுக்கு இருந்த சாட்சியயும் அழிச்சிட்டான்னு சொல்ல மாட்டானா?

அக்கா: ஒண்ணே ஒண்ணுதாண்டா.

தம்பி: என்ன?

அக்கா: ஒண்ணே ஒண்ணத்தான் எடுத்தேன். பக்கத்துல குப்பைத்தொட்டி படம் போட்டிருந்துச்சு. அமுக்கினேன். நேத்து, வேலைல இருக்கும்போது.

தம்பி: எதுக்கு?

அக்கா: கை பட்டுடுச்சு.

தம்பி: கை பட்டா அழியறதுக்கு அது என்ன கோலமா? எந்தச் சாமான்?

அக்கா: ஞாபகம் இல்ல.

தம்பி: ஒண்ணே ஒண்ணுங்கறது ஞாபகம் இருக்கு. எந்த ஒண்ணுங்கறது ஞாபகம் இல்ல.

அக்கா: ஆமா. நீ மட்டும் பெரிய ஒழுங்கு. குப்பைத்தொட்டி படம்னா அந்தக் குப்பையப் போடும்னுதான மனுஷன் நினைப்பான்? வீட்டயே தூக்கிப் போடும்னு யாரு நினைப்பா? 'நிச்சயமா அழிக்கவா'ன்னு ஒரு வார்த்தை கேட்டுச்சா உன் சர்வர்?

தம்பி: அது இன்னும் வைக்கல.

அக்கா: 'நீ யாரு, உனக்கு இங்க என்ன வேலை'ன்னாவது கேட்டுச்சா? நான் டிப்போல வேலை செய்யறேனா? ரோட்ல போறவன் கூட வந்து அமுக்கலாம் போலருக்கு.

தம்பி: பூட்டு போடறது பின்னாடி வரும். பன்னண்டாவது பாடம்.

அக்கா: நீ எது வரைக்கும் படிச்சிருக்க?

தம்பி: ...ஒம்பது.

அக்கா: ஒம்பதுல என்ன?

தம்பி: அழிக்கறது. 'பட்டியல்லேருந்து அழி'ன்னு சர்வருக்குச் சொல்லணும். அதோட கூடவே எந்த வரியன்னும் சொல்லணும். சொல்லலன்னா அது நம்மள மாதிரி தலையச் சொறியாது. மொத்தத்தயும் வழிச்செடுத்துட்டு 'வேலை முடிஞ்சுது'ன்னு பதில் சொல்லும்.

அக்கா: எந்த வரியன்னு நீ சொல்லலயா?

தம்பி: 'எதை'ங்கறது பத்தாவது பாடம்.

அக்கா: ...டேய்.

தம்பி: தனித்தனியா நடத்தறாங்க. நான் என்ன பண்ணட்டும்?

அக்கா: ஒம்பது பாடம் படிச்சிட்டு அப்பாவோட வேலைய அதுல ஏத்தி விட்டிருக்க. கார் ஓட்டக் கத்துக்கறவன் கூட பிரேக் எங்கன்னு கேட்டுட்டுத்தாண்டா வண்டிய எடுப்பான்.

தம்பி: நான் கேக்கல, அவரா கேட்டார். நான் சும்மா கத்துக்க ஒரு பக்கம் பண்ணி வச்சிருந்தேன். அதப் பாத்துட்டு 'நம்ம ரூமுக்கு வச்சுக்கலாமா'ன்னார். மறுநாளே டிப்போ முழுக்கச் சொல்லிட்டார். டிரைவர்லேருந்து டயர் மாத்தறவர் வரைக்கும், 'என் பையன் பண்ணது, என் பையன் பண்ணது.' அதுக்கப்புறம் போய், அப்பா, எனக்கு இன்னும் மூணு பாடம் பாக்கி இருக்குன்னு சொல்ல முடியுமா?

அக்கா: சொல்லியிருக்கலாம்.

தம்பி: நீ எல்லாத்தயும் சொல்லிட்டுத்தான் இருக்கியா?

அக்கா: ...அத விடு. இரு. ஒரு நிமிஷம் இரு.

தம்பி: என்ன?

அக்கா: நான் ஒண்ண அமுக்கினேன்னு சொன்னேன். உடனே மொத்தமும் ஏன் போச்சுன்னு கடகடன்னு சொன்னியே. நீ இன்னும் அந்தப் புரோகிராமத் தொறந்து கூடப் பாக்கலயே.

தம்பி: ஊகிச்சேன்.

அக்கா: சாவி எங்க வச்சேன்னு தெரியாம அரை நாள் தேடறவன் நீ. நீ ஊகிச்ச.

தம்பி: அனுபவம்.

அக்கா: என்ன அனுபவம்?

தம்பி: இருக்கு, விடு.

அக்கா: இந்தப் பட்டன் இப்படித்தான் பண்ணும்னு உனக்கு முன்னாடியே தெரியும்.

தம்பி: குழாய் நின்னுடுச்சு. அப்பா வரார்.

அக்கா: தெரிஞ்சும் அத அங்கயே வச்சிருந்தியா? குப்பைத்தொட்டி படம் போட்டு, சிவப்புல? இவ்வளவு நேரமா என்னை மட்டும் கொலைகாரி மாதிரி...

அப்பா: குழாயத் தாண்டிக் கேக்குது சத்தம். என்ன?

அக்கா: ஒண்ணுமில்லப்பா.

தம்பி: ஒண்ணுமில்ல.

அப்பா: ரெண்டு பேரும் ஒரே பதில் சொன்னா அது பெருசாத்தான் இருக்கும். பக்கத்தத் தொறந்தியாடா?

தம்பி: லோடு ஆகுதுப்பா.

அப்பா: ஆகட்டும். அதுக்குள்ள இத ஒரு தடவை படிச்சிக்கறேன். அந்தாளு அச்சடிச்சுக் குடுத்திருக்கான், 'காணாமல் போன பொருட்கள்'னு. காணாமப் போன பொருள் ரூம்லேருந்து காணாமப் போன பொருளாம். சிரிச்சிட்டே நீட்டறான். என் வயசுல பாதி இருப்பான்.

அக்கா: சட்டையப் போட்டுக்கிட்டு உக்காருங்கப்பா. முதல்ல கொஞ்சம் தண்ணி...

அப்பா: வேண்டாம். கேளுங்க இத. 'இஸ்திரிப் பெட்டி, ஒண்ணு. ஒயர்ல கறுப்பு டேப் சுத்தியது.' இத்தனை வருஷமா அந்த ரூம்ல இருக்கேன். குடைய விடுவான், செருப்ப ஒத்தையா விடுவான், பல்செட்ட விட்டுட்டுப் போனவன் இருக்கான், வந்து வாயப் பொத்திட்டே கேட்டு வாங்கிட்டும் போனான். இஸ்திரிப் பெட்டிய எவனாவது பஸ்ல விட்டுட்டுப் போவானா? பஸ்ல போயிட்டே சட்டையத் தேய்ப்பானா?

தம்பி: ...அவசரத்துல இருந்திருப்பான்.

அப்பா: 'பிளாஸ்க், பச்சை, மூடி நசுங்கியது.' 'கண்ணாடிப் பெட்டி, கீல் உடைந்தது.' எல்லாம் உடைஞ்சது, நசுங்கினது. திருடறவனுக்கும் ஒரு தரம் வேண்டாம்? இதயெல்லாம் தூக்கிட்டுப் போய் நான் எவன்கிட்ட விப்பேன்? அதக் கூட யோசிக்காம கேக்கறான் அந்த... சின்னப் பசங்க இருக்கீங்க, வாய்ல வருது.

அக்கா: அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்.

தம்பி: அக்கா, இரு.

அப்பா: 'சுவர்க் கடிகாரம், சின்ன முள் இல்லாதது.' கேட்டியா? சுவர்க் கடிகாரம். பஸ்ல எந்தச் சுவர்டா இருக்கு? சின்ன முள் இல்லாத கடிகாரத்த எவன் எதுக்குப் பஸ்ல...

தம்பி: படிச்சது போதும்ப்பா.

அப்பா: அந்தக் கடிகாரத்துல சின்ன முள் எப்ப உடைஞ்சுது?

அக்கா: எந்தக் கடிகாரம்ப்பா?

அப்பா: உன் தலைக்கு மேல தொங்குதே, அது.

அக்கா: ...எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து இல்ல.

அப்பா: அந்தப் பிளாஸ்க்க இப்படிக் குடு.

அக்கா: உள்ள வெந்நீர் இருக்குப்பா.

அப்பா: மூடியத்தான் பாக்கணும். குடு.

தம்பி: அப்பா.

அப்பா: நீ பேசாத. நசுங்கியிருக்கு. பச்சை. என் கண்ணாடிப் பெட்டி... கீல். இஸ்திரிப் பெட்டிக்கு டேப் சுத்தினதே நான்தான். இந்தப் பேப்பர்ல இருக்கறது என் வீடுடா. என் வீட்ட அச்சடிச்சு என் கைலயே குடுத்திருக்கான் அந்தாளு. இது எப்படி அதுக்குள்ள போச்சு?

தம்பி: நான்தான்ப்பா ஏத்தினேன்.

அப்பா: ஏன்?

தம்பி: போன வாரம் ஒரு குடைய வந்து வாங்கிட்டுப் போனாங்கன்னு சொன்னீங்கல்ல. அத எடுத்துடலாம்னு அமுக்கினேன். மொத்தமும் போயிடுச்சு. நீங்க ஒத்த விரல்ல உக்காந்து ஏத்தினது எல்லாமே.

அக்கா: அப்ப நீயும்.

தம்பி: நான்தான் முதல்ல. ஞாபகம் இருந்தத எல்லாம் திருப்பி ஏத்தினேன். மிச்சம் வரல. மேல 'மொத்தம்'னு ஒரு எண் வரும்ல, அத நீங்க தெனமும் பாப்பீங்க. அதுல குறைஞ்சா கேப்பீங்க. எண் சரியா வரணும்னு... வீட்ட ஒரு சுத்து சுத்தி வந்து கண்ல பட்டத எல்லாம் ஏத்தினேன்.

அப்பா: எனக்குச் சொல்லணும்னு தோணல.

தம்பி: நீங்க ஃபோன்ல யார்கிட்டயோ 'என் பையன்'னு சொல்லிட்டிருந்தீங்க.

அப்பா: அதனால என்னைத் திருடனாக்கிட்ட.

தம்பி: அலமாரியோட வச்சு எவனாவது ஒத்துப் பாப்பான்னு நினைக்கல.

அப்பா: ஒத்துப் பாக்கத்தாண்டா பட்டியல். சும்மா நீளமா இருந்து அழகு பாக்கறதுக்கா?

அக்கா: அழிஞ்சதக் கண்டதும் முதல்ல அந்தப் பட்டனச் சரி பண்ணாம, கடிகாரத்தப் பாத்து எழுதிட்டு உக்காந்திருக்கான் பாருங்கப்பா. பாத்ரூம்ல குழாய் உடைஞ்சா குழாய அடைப்பானா, இல்ல பக்கத்து வீட்லேருந்து தண்ணி கொண்டு வந்து தொட்டிய நிரப்புவானா?

தம்பி: நீ பேசாத. நேத்து அமுக்கினது நீதான்.

அப்பா: இவ எத அமுக்கினா?

தம்பி: இப்ப அந்தப் பட்டியலே இல்லப்பா. பூஜ்யம்.

அப்பா: ...உனக்கு அதுல என்னம்மா வேலை?

அக்கா: கை பட்டுடுச்சு.

அப்பா: ரெண்டு பிள்ளை. ஒருத்தன் இல்லாதத ஏத்தறான், ஒருத்தி இருக்கறத அழிக்கறா. நடுவுல நான் போய் அந்தாளு முன்னாடி நிக்கணும். சரி. பெரிய பைய எடு.

தம்பி: எதுக்கு?

அப்பா: எல்லாத்தயும் கட்டி எடுத்துட்டுப் போறேன். அவன் மேசைல கொட்டி, 'இந்தா உன் காணாமப் போன பொருள். எல்லாம் என் வீட்டுச் சாமான். வாங்கினது நான், உடைச்சது நாங்க'ன்னு சொல்றேன். நீயும் வர்ற. அந்தப் பட்டன் கதைய உன் வாயால சொல்ற. டிரைவர்ங்க எல்லாம் நிக்கும்போது சொல்ற.

தம்பி: வரேன்.

அப்பா: கடிகாரத்தக் கழட்டு.

அக்கா: நான் பிடிச்சுக்கறேன், ஏறு.

அப்பா: பிளாஸ்க் வந்துச்சு. கண்ணாடிப் பெட்டி வந்துச்சு. இஸ்திரிப் பெட்டி... அதத் துணியில சுத்து. அந்த ஸ்டூலயும் ஏத்தியிருக்கான் பாரு. 'மர ஸ்டூல், ஒரு கால் குட்டை.' பஸ்ல சீட் கிடைக்காதவன் கொண்டு வந்தான் போல.

தம்பி: அது ராத்திரி ரொம்ப நேரம் ஆனப்புறம் ஏத்தினதுப்பா. யோசனையே ஓடல.

அப்பா: தூக்கு. ஆச்சா? இன்னும் ஒண்ணு இருக்கு. கடைசி வரி. 'குத்துச்சண்டைக் கையுறை, சிவப்பு, ஒரு ஜோடி. இடது கையில் மஞ்சள் நூல் தையல்.' இது எங்க இருக்கு?

தம்பி: ...அது இல்லப்பா.

அப்பா: இல்லன்னா?

தம்பி: அது மட்டும் கற்பனை. எண்ணிக்கைல ஒண்ணு குறைஞ்சுது, வாய்க்கு வந்தத எழுதினேன்.

அப்பா: ஸ்டூல் வரைக்கும் கண்ணால பாத்து எழுதினவன், கடைசி ஒண்ண மட்டும் கற்பனை பண்ணான்.

தம்பி: ஆமாப்பா.

அப்பா: கற்பனைக்கு இடது கைல மஞ்சள் நூல் எதுக்கு?

தம்பி: ...உண்மை மாதிரி இருக்கட்டும்னு.

அப்பா: இந்த வீட்ல அந்தப் பேச்ச நான் என்னைக்கோ நிறுத்தினேன். பொண்ணு மூஞ்சில குத்து வாங்கறதுக்கு நான் பெத்து வளக்கலன்னு அன்னைக்கே சொன்னேன். அதோட முடிஞ்சுது. அப்புறம் எங்கேருந்துடா உனக்கு இந்தக் கற்பனை வரும்?

தம்பி: அப்பா, நேரமாச்சு. கிளம்பலாம். அது ஒண்ணு இல்லன்னா பரவால்ல.

அப்பா: பரவால்லயா? மத்தது எல்லாம் மேசைல இருந்து, இது ஒண்ணு இல்லன்னா அவன் என்ன சொல்லுவான்? 'இத மட்டும் வித்துட்டியா'ம்பான். அந்தாளுக்கு ஒண்ணு போதும். ஒண்ணு குறைஞ்சா மொத்தமும் குறைஞ்ச மாதிரிதான்.

தம்பி: நான் சொல்லிக்கறேன். நான் பொய் எழுதினேன்னு நானே சொல்லிக்கறேன். விடுங்க.

அப்பா: நீ ஏற்கெனவே சொன்ன பொய்க்கே என் வேலை போற மாதிரி இருக்கு. இன்னொண்ணு சொல்லி என்னக் காப்பாத்தப் போறியா? என்னம்மா, நீ ஏன் சுவத்தப் பாத்துட்டு நிக்கற? அங்க இப்ப கடிகாரமும் இல்ல.

தம்பி: அக்கா, வேண்டாம்.

அக்கா: என் அலமாரில, மேல் தட்டு, போர்வைக்குப் பின்னாடி இருக்குப்பா. நேத்து அதப் பட்டியல்ல பாத்ததும் பஸ்லதான் விட்டுட்டேன்னு நினைச்சு, உங்க கண்ல படறதுக்குள்ள எடுத்துடலாம்னுதான் அமுக்கினேன்... கொண்டு போய்க் கொட்டிட்டு, மறக்காம வாங்கிட்டு வந்துடுங்க. சனிக்கிழமை போட்டிக்கு எனக்கு வேணும்.